ஏட்டையாவின் கட்டாப்பு

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. மறந்துவிட்டது என்பதல்ல. அந்தப் பெயரை ஏற்கெனவே ஒரு தடவை காகிதத்தில் எழுதி, கீழே என் கையெழுத்தையும் போட்டிருக்கிறேன். அது போதும். ஊரில் எல்லோரும் அவரை ஏட்டையா என்றார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்து நான்கைந்து வருஷம் ஆகியிருந்தது. அந்தச் சீமையில் ஒரு தாலுகாவுக்கு நான் துணைத் தாசில்தாராகப் போய்ச் சேர்ந்தேன். வயது இருபத்தாறு. சென்னையில் பிறந்து, சென்னையிலேயே படித்தவன். ஏரியைக் குறிக்கும் கண்மாய் என்ற சொல்லையே அங்கே போய்த்தான் காதால் கேட்டேன். அந்தக் காலத்தில் அந்த வேலையோடு மாஜிஸ்திரேட் அதிகாரமும் சேர்ந்தே வரும். கூடி நிற்பவர்களைக் கலைந்து போகச் சொல்லலாம். கலையாவிட்டால் சுடச் சொல்லலாம். அப்படி ஓர் அதிகாரத்தை ஒரு இருபத்தாறு வயதுக்காரனிடம் கொடுத்து, போய் வா என்று அனுப்பியிருந்தார்கள்.

தாலுகா அலுவலகத்துக்குத் துப்பாக்கியோடு பாரா நிற்கும். அதற்குத் தலைமை அவர். சமஸ்தானப் படையில் இருந்தவர். படையைக் கலைத்தபோது சிலரைப் போலீஸில் எடுத்துக்கொண்டார்கள், அதில் ஒருவர். சட்டைக் கையில் தலைமைக் காவலருக்குரிய மூன்று பட்டை. உயரமான மனிதர். இடது காதில் எப்போதோ கடுக்கன் போட்டிருந்த துளை பாதி தூர்ந்திருக்கும். நடக்கும்போது முதலில் குதிகால் விழும், பிறகு ஒரு சின்ன இடைவெளி, அப்புறம்தான் பாதம் விழும். வராந்தாவில் அவர் வருவதை உள்ளே உட்கார்ந்தபடியே சொல்லிவிடலாம். இன்றைக்கும் எங்கள் மாடிப்படியில் யாராவது நிதானமாக ஏறி வந்தால், நான் படித்துக்கொண்டிருப்பதை நிறுத்திவிடுகிறேன்.

அவருடைய இடைவெளி நடையில் மட்டும் இருந்ததில்லை. எதைக் கேட்டாலும் உடனே பதில் வராது. கேட்டவரின் முகத்தை ஒரு தடவை பார்ப்பார், பிறகு வேறெங்கோ பார்ப்பார், அப்புறம் வாயைத் திறப்பார். எதிரே இருந்த டீக்கடைக்காரருக்கு அதில் தனி சந்தோஷம்.

“ஏட்டையாட்ட மணி கேக்காதீங்கப்பா. அவரு பத்துங்கறதுக்குள்ள பதினொன்னு அடிச்சிரும்.”

ஏட்டையா டீயை இரண்டு வாய் உறிஞ்சுவார். கடைக்காரர் வேறு ஆளோடு பேசப் போயிருப்பார். அப்போது சொல்வார்: “பதினொன்னு அடிச்சா, பதினொன்னுன்னு சொல்லிட்டுப் போறேன்.”

கடையே சிரிக்கும். அவர் சிரிக்க இன்னும் கொஞ்ச நேரம் ஆகும்.

காலையில் வராந்தாவின் கோடியில் கோணிச் சாக்கை விரித்துத் துப்பாக்கியைத் துடைப்பார். அது அவருக்குச் சமஸ்தானத்திலிருந்தே கூட வந்த பழைய துப்பாக்கி. அதன் வலது பக்கத்தில், தோட்டா உள்ளே போகும் இடத்தில், மூன்று விரல் அகலத்தில் ஒரு இரும்புத் தகடு உண்டு. விரலால் தள்ளினால் உள்ளே போகும், இழுத்தால் வெளியே வரும். கட் ஆஃப் என்பது அதன் பெயர். அவர் வாயில் அது கட்டாப்பு.

துப்பாக்கியின் அடிப்பெட்டியில் பத்துத் தோட்டா இருக்கும். தகடு வெளியே இருந்தால், போல்ட்டை இழுத்துத் தள்ளும் ஒவ்வொரு தடவையும் கீழேயிருந்து ஒரு தோட்டா தானே ஏறிவிடும். சுடலாம், இழுக்கலாம், மறுபடியும் சுடலாம். தகட்டை உள்ளே தள்ளிவிட்டால் அந்தப் பத்துக்கும் மேலே மூடி போட்ட மாதிரி. போல்ட்டை எத்தனை தடவை இழுத்தாலும் ஒன்றும் ஏறாது. சுடத்தான் வேண்டுமென்றால் இடுப்புப் பையைத் திறந்து, ஒரு தோட்டாவைக் கையால் எடுத்து, தகட்டின் மேல் வைத்து, போல்ட்டைத் தள்ள வேண்டும். இரண்டாவது சுட வேண்டுமென்றால் மறுபடியும் பைக்குள் கை போக வேண்டும். ஏட்டையாவின் கட்டாப்பு எப்போதும் உள்ளேதான் இருக்கும்.

மற்றப் பாராக்காரர்களின் துப்பாக்கிகளில் அந்தத் தகடே கிடையாது. யுத்தத்தின்போது அவசரத்தில் செய்தவை, வேலை மிச்சமென்று விட்டுவிட்டார்களாம். அவருக்கும் புதுசு மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வேண்டாம் என்றுவிட்டார்.

“அவசரத்துக்கு இது இடைஞ்சல் இல்லையா ஏட்டு?” என்று ஒரு நாள் கேட்டேன். கேலியாகத்தான் கேட்டேன்.

எண்ணெய்த் துணியை நான்காக மடித்தார். சாக்கின் ஓரத்தில் வைத்தார்.

“இடைஞ்சல்தான்யா.”

“பின்னே?”

“பத்து உள்ள இருக்கட்டும். ஒன்னைக் கையால எடுக்கணும்ல? எடுக்கயில எதிர்க்க நிக்கிறவன் மூஞ்சி தெரியுது.”

ஏதாவது கதை இருக்கும், யாரையோ தெரியாமல் சுட்டிருப்பார், அதனால்தான் இந்தப் பிடிவாதம் என்று நினைத்தேன். அதையும் கேட்டுவிட்டேன். அவருக்கு ஆச்சரியமாக இருந்தது.

“அதெல்லாம் ஒன்னும் இல்லய்யா. செஞ்சவன் மெனக்கெட்டு ஒரு தகட்டை வச்சிருக்கான். சும்மாவா வச்சிருப்பான்?”

அவருடைய மனைவி அவரை ஒரு சொல்லில் கூட விட்டுவைக்க மாட்டார். அலுவலகத்துக்குப் பின்னால் இருந்த போலீஸ் குடியிருப்பில் வீடு. நான் ஒண்டிக்கட்டை, நாலு வீடு தள்ளி ஒரு அறையில் இருந்தேன். ஐப்பசி மழையில் எனக்குக் காய்ச்சல் வந்து ஒரு வாரம் படுத்தபோது, மத்தியானத்தில் இரண்டு பேரும் வருவார்கள். தூக்குச் சட்டியில் கஞ்சி, மேல் தட்டில் நார்த்தங்காய் ஊறுகாய். அவர் கதவோரத்தில் உட்காருவார். அந்த அம்மாள் நின்றபடியே பேசுவார்.

“இவருட்ட போயி நீங்க வேலை வாங்குறீங்களே அய்யா, ஒங்களுக்குப் பொறுமை சாஸ்தி. எங்க கல்யாணத்துல ஐயரு தாலியக் கட்டுப்பாங்குறாரு, இவரு கயித்தைக் கையில புடிச்சிக்கிட்டு என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே நிக்கிறாரு. கெட்டிமேளக்காரன் அடிச்சு அடிச்சுக் கை ஓஞ்சு போனான். எங்க அப்பாரு பயந்துட்டாரு, மாப்பிள்ளைக்குப் புடிக்கலையோன்னு.”

“புடிச்சிருக்கான்னு பாத்தேன்” என்றார் ஏட்டையா.

“எனக்கா, ஒங்களுக்கா?”

அவர் யோசித்தார். “ஒனக்குத்தான்.”

அந்த அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சட்டியின் மூடியை வீணாகத் திறந்து மூடினார்.

ஒரு மத்தியானம் அவர் மட்டும் வந்திருந்தார். காய்ச்சலின் பலவீனத்தில் நான் என் அம்மாவின் சாவைப் பற்றிச் சொன்னேன். எனக்குப் பரீட்சை என்று யாரும் தந்தி அடிக்காமல் விட்டதையும், அம்மா போயிருந்த மாமா ஊரில் நான் போய் இறங்கியபோது எல்லாம் முடிந்து வீட்டைக் கழுவிவிட்டிருந்ததையும் சொன்னேன். யாரிடமும் சொல்லாதது. வெளியே ஓட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. ஆறுதல் சொல்லத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேரைப் பிறகு பார்த்திருக்கிறேன். அந்த மௌனத்தைப் போல எதுவும் எனக்கு உட்கார இடம் கொடுத்ததில்லை. கடைசியில் அவர் சொன்னது இவ்வளவுதான்:

“கஞ்சி ஆறுதுய்யா.”

நிதானம் எப்போதும் நல்லதையே செய்யும் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தச் சித்திரையில் ஒரு வெறிநாய் அலுவலக வளாகத்துக்குள் வந்துவிட்டது. வாயெல்லாம் நுரை. மனு கொடுக்க வந்தவர்கள் சிதறி ஓடினார்கள். “சுடுங்க ஏட்டையா, சுடுங்க” என்று எல்லோரும் கத்தினார்கள். அவர் பையிலிருந்து ஒன்றை எடுத்தார், வைத்தார், போல்ட்டைத் தள்ளினார், குறி பார்த்தார். சுடவில்லை. நாய்க்கு நேர் பின்னால், புளியமரத்தடியில், ஒரு பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு உறைந்துபோய் நின்றிருந்தாள். அவர் இரண்டு எட்டு பக்கவாட்டில் நகர்ந்தார். அந்த இரண்டு எட்டுக்குள் நாய் எங்கள் பியூன் சின்னையாவின் கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. அதன் பிறகுதான் வெடிச் சத்தம் கேட்டது. ஒரே தோட்டா, நாய் அங்கேயே விழுந்தது.

சின்னையாவுக்குத் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி. பதினாலு நாளும் ஏட்டையா பாராவை மாற்றிவிட்டு, அவனைப் பஸ்ஸில் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவந்தார். சின்னையா குணமான பிறகு வயிற்றைத் தடவிக்கொண்டே சொல்வான்:

“ஏட்டையா, ஒங்க கட்டாப்புக்கு என் வயித்துல பதினாலு ஓட்டை.”

அவர் தலையைக் குனிந்துகொள்வார். அந்தக் கேலிக்கு மட்டும் அவர் எத்தனை நேரம் கழித்தும் சிரித்ததில்லை.

இதை நான் ஞாபகத்தில் வைத்துக்கொண்டேன். எதற்கு என்று பிறகு தெரியும்.

மறு வருஷம் வைகாசியில் அந்தக் கண்மாய் விவகாரம் வந்தது. மேலக்குடி, கீழக்குடி என்று வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு ஊருக்கும் பொதுவான கண்மாய். கோடையில் தண்ணீர் முழங்காலுக்கு வற்றியதும் மீன் பிடிப்பார்கள். அன்றைக்குச் சுற்றுவட்டார சனமெல்லாம் ஊத்தாவைத் தூக்கிக்கொண்டு கரையில் வந்து கூடிவிடும். ஊத்தா என்பது மேலும் கீழும் திறந்த மூங்கில் கூடை. தண்ணீரில் சடாரென்று ஊன்றி, மேல்வாய் வழியாகக் கையை விட்டு மீனைப் பிடிப்பார்கள். ஆனால் எத்தனை ஆயிரம் பேர் கூடினாலும் யாரும் தண்ணீரில் கால் வைக்க மாட்டார்கள். ஊர்த் தலைவரான அம்பலகாரர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீச வேண்டும். வெள்ளை பறந்த மறுகணம் கரை முழுவதும் சரிந்து கண்மாய்க்குள் இறங்கும்.

அந்த வருஷம் எந்த ஊர் அம்பலகாரர் வெள்ளை வீசுவது என்பதில் சண்டை. ஏற்கெனவே இரண்டு மண்டை உடைந்திருந்தது. யாரும் இறங்கக் கூடாது என்று நான் தடை உத்தரவு போட்டேன். வெள்ளைத் துண்டைப் பற்றி என்னிடம் யாரும் சொல்லவில்லை. சண்டை எந்த ஊருக்கு முதல் உரிமை என்பது பற்றி என்றுதான் மனுக்களில் இருந்தது. அந்த உரிமை எதில் இருக்கிறது என்று எழுத அவர்களுக்குத் தோன்றவில்லை, ஊரறிந்த விஷயம். கேட்க எனக்கும் தோன்றவில்லை.

தடையை மீறி விடிந்ததும் கரையில் சனம் கூடிவிட்டது. வரவேண்டிய போலீஸ் லாரி வழியில் பழுதாகி நின்றுவிட்டது. ஏட்டையாவையும், தடி வைத்திருந்த இரண்டு காவலர்களையும் கூட்டிக்கொண்டு நான் போனேன். அவர் வழியில் ஒரு தடவை ஏதோ சொல்ல வாயெடுத்தார். “அய்யா, இங்கிட்டு ஒரு பழக்கம்…” என்று ஆரம்பித்து வழக்கம்போல நிறுத்தினார். நான் பதற்றத்தில் இருந்தேன். “துப்பாக்கி தயாரா இருக்கா?” என்று குறுக்கே கேட்டேன். “தயார்தான்யா” என்றார். மேற்கொண்டு பேசவில்லை.

கரைக்கும் தண்ணீருக்கும் நடுவே, கண்மாயின் காய்ந்த விளிம்பில் போய் நின்றோம். எதிரே கரை நெடுகத் தலைகள். இடது பாதி மேலக்குடி, வலது பாதி கீழக்குடி, நடுவில் பத்தடி வெற்றிடம். இரண்டு அம்பலகாரர்களும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அத்தனை பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெயில் ஏறியது. வியர்வை கண்ணில் வழிந்தது. பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தேன். பிறகு அந்தக் கையை உயர்த்தி, எல்லோரும் கலைந்து போங்கள் என்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினேன்.

கைக்குட்டை கையிலேயே இருந்தது. வெள்ளைக் கைக்குட்டை.

“சர்க்காரே வீசிருச்சுடோய்!” என்று யாரோ கத்தினார்கள்.

கரை சரிந்தது. ஆயிரம் பேர் மூங்கில் கூடைகளைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு கூச்சலிட்டபடி என்னை நோக்கி ஓடி வந்தார்கள். அப்படித்தான் எனக்குத் தெரிந்தது. என் வாயிலிருந்து ஒரே வார்த்தை வந்தது.

“சுடுங்க! ஏட்டு, சுடுங்க!”

எச்சரிக்கை இல்லை. மேலே பார்த்துச் சுடுங்கள் என்றுகூடச் சொல்லவில்லை. அவர் கட்டாப்பை வெளியே இழுத்திருந்தால் ஒரு நொடி போதும். பத்துத் தோட்டாவும் ஒன்றன்பின் ஒன்றாகப் போயிருக்கும். அத்தனை நெருக்கத்தில் ஒன்றுகூடத் தப்பியிருக்காது.

அவர் போல்ட்டைத் திறந்தார். பைக்குள் கையை விட்டார். ஒன்றை எடுத்தார். அதை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்துக்கொண்டு, வருகிறவர்களின் முகத்தைப் பார்த்தார். நானும் அப்போதுதான் பார்த்தேன். முதலில் ஓடி வந்தது ஒரு நடுவயதுப் பெண். புடவையை வரிந்து கட்டியிருந்தாள். சிரித்துக்கொண்டிருந்தாள். நேராக என் மேல் மோதி, என்னைத் தோளால் ஒதுக்கினாள்.

“தள்ளுங்க சாமி, மீனு போயிரும்!”

கூட்டம் எங்கள் இரண்டு பக்கமும் பிளந்து, எங்களைத் தாண்டி, தண்ணீருக்குள் இறங்கியது. மேலக்குடியும் கீழக்குடியும் கலந்துவிட்டன. எந்த ஊரும் வீசவில்லை, சர்க்கார் வீசிவிட்டது. எனவே யாருக்கும் தோல்வி இல்லை. சண்டை அந்த இடத்தில் தீர்ந்துபோனது. சேற்றுத் தண்ணீரில் ஆயிரம் ஊத்தாக்கள் விழும் சத்தம். கெண்டை துள்ளியது.

ஏட்டையா தோட்டாவைத் திரும்பப் பைக்குள் போட்டார். பையை மூடினார். போல்ட்டை மூடினார். பிறகு என் கையைப் பார்த்தார்.

“அய்யா, கைக்குட்டையை உள்ள வையுங்க. இன்னொருக்க வீசுனா, பக்கத்துக் கண்மாய்க்காரனும் எறங்கிருவான்.”

இந்த இடத்தில் நான் சிரித்திருந்தால், என் வாழ்க்கை வேறு மாதிரி இருந்திருக்கும்.

தடி வைத்திருந்த காவலர்கள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. துணைத் தாசில்தார் சுடச் சொன்னார், ஏட்டு சுடவில்லை என்று மேலே செய்தி போய்விட்டது. நான் அப்போது தகுதிகாண் பருவத்தில் இருந்தேன். மீன் பிடிக்க ஓடிய பெண்களைச் சுடச் சொன்னவன், அதுவும் தானே கொடி காட்டிவிட்டுச் சுடச் சொன்னவன் என்று தாலுகா முழுவதும் சிரிக்குமே என்பதுதான் எனக்கு முதலில் வந்த பயம். வேலை போய்விடும் என்பது இரண்டாவது.

ஒரு அறிக்கை எழுதினேன். நல்ல இங்கிலீஷ். கூட்டத்திலிருந்து யாரோ எதையோ வீசிச் சைகை காட்டினார்கள் என்றும், கூட்டம் எங்களைத் தாக்க வந்தது என்றும், தற்காப்புக்காக ஒரு எச்சரிக்கை வேட்டுக்கு உத்தரவிட்டேன் என்றும் எழுதினேன். தலைமைக் காவலர் தன் துப்பாக்கியைச் சுட முடியாத நிலையில் வைத்திருந்தார், ஏற்கெனவே நாய் விஷயத்தில் அவருடைய தாமதத்தால் அரசு ஊழியர் ஒருவர் காயப்பட்டார், இது அவருக்கு வழக்கம் என்றும் எழுதினேன். கிராமத்தாரை விசாரித்தால் பகை மறுபடி கிளறும், தேவையில்லை என்று ஒரு வரி சேர்த்தேன். அந்த ஒரு வரிக்குத்தான் அதிக நேரம் யோசித்தேன்.

விசாரணை பயணியர் மாளிகையில் நடந்தது. விசாரித்த அதிகாரிக்குப் பக்கத்து நாற்காலியில் நான். ஏட்டையா எதிரில் நின்றார்.

“கட்டாப்பை ஏன் மூடி வச்சிருந்தே?”

“எப்பவும் மூடித்தான்யா வைப்பேன்.”

“சுடச் சொன்ன பிறகு ஏன் திறக்கலை?”

அவர் வழக்கம்போலக் கொஞ்சம் பொறுத்தார். “ஒன்னு போதும்னு நெனச்சேன்யா.”

“அந்த ஒன்னையும் நீ சுடலையே.”

அதிகாரி காகிதத்தைப் புரட்டினார்.

“கூட்டத்தில் யாரோ சைகை காட்டினதா ரிப்போர்ட் சொல்லுது. வீசினது யாரு? நீ பாத்தியா?”

அவர் என்னைப் பார்த்தார். முதலில் முகம், பிறகு வேறெங்கோ. அந்த இடைவெளி எனக்குத் தெரியும். எத்தனையோ தடவை அதைக் கேலி செய்திருக்கிறேன். அன்றைக்கு அதில் நான் செத்துக்கொண்டிருந்தேன். மின்விசிறி கிடையாது, என் சட்டைப் பையில் சலவை செய்த கைக்குட்டை மடித்து இருந்தது. அதை எடுத்து முகத்தைத் துடைக்க எனக்குத் துணிவு வரவில்லை.

“வெள்ளையா ஏதோ தெரிஞ்சதுய்யா. யாருன்னு கவனிக்கலை.”

மூன்று பட்டையையும் எடுத்துவிட்டார்கள். சாதாரணக் காவலராக்கித் திருச்சிக்கு மாற்றினார்கள். ஓய்வு பெற அவருக்கு மூன்றோ நான்கோ வருஷம்தான் இருந்தது. டீக்கடைக்காரர் பழக்கத்தில் “வாங்க ஏட்டையா” என்றபோது, “ஏட்டு இல்லப்பா இப்ப” என்று அவர் சொன்னதைச் சின்னையா வந்து சொன்னான். அன்றைக்கு அந்தப் பதிலை மட்டும் அவர் உடனே சொல்லிவிட்டாராம்.

சாமான் ஏற்றிய வண்டி நின்றுகொண்டிருக்கும்போது, அந்த அம்மாள் என் அறை வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை.

“எங்க தூக்குச் சட்டி ஒங்கள்ட்ட இருக்கு.”

கஞ்சி கொண்டுவந்த சட்டி. திருப்பிக் கொடுக்காமலே இருந்திருக்கிறேன். எடுத்துக் கொடுத்தேன். அதை வாங்கி, உள்ளே பார்த்து, புடவைத் தலைப்பால் ஒரு தடவை துடைத்துக்கொண்டு போனார். அவரிடம் இருந்த அத்தனை கேலிப் பேச்சில் ஒரு சொல்லாவது எனக்காக மிச்சம் வைத்திருப்பார் என்று நின்றுகொண்டிருந்தேன்.

எனக்குத் தகுதிகாண் பருவம் முடிந்தது. உயர்வு வந்தது. கல்யாணம் ஆனது. பல ஊர்கள் பார்த்தேன். பன்னிரண்டு வருஷம் கழித்து, ஜீப்பும் சேவகர்களும் உள்ள பதவியில் மறுபடி அந்தச் சீமைக்கே வந்தேன். அன்னவாசல் பக்கம் ஒரு வேலையாகப் போய்த் திரும்பும் வழியில், இரண்டு அம்பலகாரர்கள் ஜீப்பை மறித்தார்கள். கையில் தாம்பாளம். தாம்பாளத்தில் மடித்த வெள்ளைத் துண்டு.

“நீங்க வந்திருக்கீங்கன்னு சொன்னாக அய்யா. அந்த வருசத்துலேருந்து எங்க கண்மாயில சர்க்கார் ஆளுதான் வெள்ளை வீசுறது. நீங்க ஆரம்பிச்சு வச்சது. இன்னிக்கு நீங்களே வந்து வீசணும்.”

அதே கரை. சனம் அன்றைக்கு மாதிரியே கூடியிருந்தது. நடுவில் வெற்றிடம் இல்லை. எனக்கு மாலை போட்டார்கள். துண்டைக் கையில் வாங்கிக்கொண்டு நிமிர்ந்தபோது அவரைப் பார்த்தேன். முன் வரிசையில், ஊத்தாவைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றார். தலை முழுக்க வெளுத்திருந்தது. போலீஸில் போட்டிருந்த பழைய காக்கிச் சட்டை, வெயிலிலும் துவைப்பிலும் சாம்பல் நிறமாகிவிட்டிருந்தது. கையில் ஓர் இடத்தில் மட்டும் காக்கி அப்படியே இருந்தது. மூன்று பட்டை தைத்திருந்த இடம். பிரித்து எடுத்த நூலின் ஓட்டைகள்கூடத் தெரிந்தன.

என் கை எழவில்லை. கரை காத்திருந்தது. அவர் என்னைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார். பிறகு சொன்னார்:

“வீசுங்கய்யா. இன்னிக்குத் தயாராத்தான் இருக்கோம்.”

வீசினேன். கரை சரிந்தது. எல்லோரும் ஊத்தாவைக் கண்ட இடத்திலெல்லாம் ஊன்றி ஊன்றி எடுத்தார்கள். அவர் முழங்கால் தண்ணீரில் ஊத்தாவை உயர்த்திப் பிடித்தபடி அசையாமல் நின்றார். சுற்றிலும் தண்ணீர் சேறாகிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது. பிறகு ஒரே ஒரு தடவை ஊன்றினார். மேல்வாயில் கையை விட்டு, முழங்கை நீளத்துக்கு ஒரு விராலை எடுத்தார்.

கரையேறி என்னிடம்தான் வந்தார். மீனை ஜீப் டிரைவரிடம் கொடுத்தார். “அய்யா வீட்டுக்கு” என்றார். அவரைத் தனியே ஆலமரத்துப் பக்கம் கூட்டிப்போனேன். பன்னிரண்டு வருஷமாக மனசுக்குள் எழுதி எழுதி வைத்திருந்தேன்.

“ஏட்டையா, அந்த ரிப்போர்ட்டுல நான்…”

ஈரக் கையை உயர்த்தி நிறுத்தினார். அவர் ஒருவர் பேச்சின் நடுவே குறுக்கிட்டு நான் பார்த்தது அது ஒரு தடவைதான்.

“உள்ள இருக்கட்டும்யா.”

அப்போது எனக்கு என்ன தோன்றியது என்பதைத்தான் நான் ஒப்புக்கொள்ள வேண்டும். வெட்கம் வந்தது, அழுகையும் வந்தது. ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால், விட்டதே என்று இருந்தது. நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கிய சுகம். அவர் மன்னித்துவிட்டார் என்று வைத்துக்கொண்டேன். மன்னித்தாரா, வேண்டாம் என்றாரா, இவனிடம் என்ன பேச்சு என்று நினைத்தாரா, கேட்கவில்லை. அன்றைக்கு எனக்கிருந்த பதவியில் அந்தக் கோப்பைத் திறந்து ஒரு குறிப்பு எழுதியிருந்தால், அவருடைய பட்டையைக் காகிதத்திலாவது திருப்பித் தைத்திருக்கலாம். அவர் உள்ளே இருக்கட்டும் என்றாரே என்று, அவர் சொல்லையே பூட்டாகப் போட்டுக்கொண்டேன். முதல் தடவை பயத்தில் செய்தேன். இரண்டாவது தடவை செய்ததற்குப் பயம் கூடக் காரணமில்லை.

அடுத்த வைகாசியில் வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டேன். அதற்கடுத்த வருஷம் விடுப்பு எடுத்துக்கொண்டு, ஓய்வுக்குப் பிறகு அவர் வந்து தங்கியிருந்த கிராமத்துக்குப் போனேன். வீட்டுக்கு வழி கேட்டபோது வயலில் நின்ற ஆள், “ஏட்டையா வீடா? அவரு செத்து ஆறு மாசமாச்சே” என்றான். ஊரில் கடைசி வரைக்கும் அவர் ஏட்டையாதான். அந்த அம்மாள் கூடத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரிந்தது. உட்காரச் சொன்னார்.

“ஒங்களைப் பத்திச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு” என்றார். “அந்தப் புள்ள கைக்குட்டையைப் புடிச்சிக்கிட்டு முழிச்ச முழியிருக்கே, ஏ அப்பான்னு. எனக்குத்தான் சிரிப்பு வராது.”

“என் மேல அவருக்குக் கோபம் இல்லையாம்மா?”

அந்த அம்மாள் ஒரு கீரைத் தண்டை எடுத்து முனையைக் கிள்ளினார். அவர் வீட்டில் இத்தனை காலம் வாழ்ந்ததில் அந்த இடைவெளி இவருக்கும் வந்திருந்தது.

“விசாரணையப் பத்தி மட்டும் ஒரு வார்த்தை பேச மாட்டாரு. ஒரே ஒரு தடவை கேட்டாரு. ‘அந்த அய்யாட்ட யாரு வீசுனதுன்னு யாருமே கேக்கலையே, கேட்டிருந்தா சொல்லியிருப்பாரோ’ன்னு.”

அந்தக் கேள்வியோடுதான் பஸ் ஏறினேன். அது இன்றுவரை என்னோடு இருக்கிறது. விசாரித்த அதிகாரி இல்லை, ஏட்டையா இல்லை, அந்த அம்மாளும் இல்லை. கோப்பு எங்கே மக்கியதோ. யாரும் இனிமேல் என்னைக் கேட்கப் போவதில்லை. ஆனாலும் அவர் நின்றுகொண்டு பதில் சொன்ன அந்த அறையில், நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் சொல்லியிருக்க வேண்டிய பதில் ஒன்று பாக்கி இருக்கிறது.

வெள்ளையை வீசியது நான்.